விழித்திரைக்குள் ஒரு கடிகாரம்

ஒரு ஹாம்ஸ்டரின் (வெள்ளெலி வகையைச் சேர்ந்த சின்னப் பிராணி) கண்ணிலிருந்து விழித்திரையை மட்டும் பிரித்தெடுத்து, ஊட்டக் கரைசலில் இட்டு, கும்மிருட்டில் வைத்துவிட்டால் அது என்ன செய்யும்? மூளையோடு தொடர்பில்லை. ரத்த ஓட்டமில்லை. வெளிச்சமும் இல்லை. செத்துப்போகும் வரை சும்மா கிடக்கும் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். 1996-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜியான்லூகா டோஸினியும் மைக்கேல் மெனாக்கரும் இதைச் செய்து பார்த்தார்கள். அந்தத் துணுக்குத் திசு, ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை மெலடோனின் என்ற ஹார்மோனைக் கூட்டியும் குறைத்தும் சுரந்துகொண்டிருந்தது. பல நாட்கள். வெளியே பகலா இரவா என்று சொல்ல யாருமில்லாதபோதும் அதற்கு ஏதோ ஒரு இரவு இருந்தது.

இது ஏன் பெரிய செய்தி என்று புரிய, அதற்கு முன்பிருந்த நிலையைச் சொல்ல வேண்டும். பாலூட்டிகளின் உயிர்க்கடிகாரம் மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில், இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சில் இருக்கிறது என்று 1972-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அதன் பெயர் சுப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். நான் இனி 'மூளைக் கடிகாரம்' என்றே எழுதுகிறேன், வாசகர்கள் மன்னிக்கவும். அதை அழித்துவிட்டால் எலிக்குத் தூக்கமும் விழிப்பும் தாறுமாறாகிவிடும். ஆகவே கடிகாரம் ஒன்றுதான், மற்ற உறுப்புகளெல்லாம் அதைப் பார்த்து நடப்பவை என்று நம்பினார்கள்.

இதற்கு அசைக்க முடியாத சாட்சியாக ஒரு விகார ஹாம்ஸ்டர் வந்து சேர்ந்தது. மார்ட்டின் ரால்ஃப் என்ற ஆய்வாளர் சோதனைக்காக வாங்கிய ஹாம்ஸ்டர்களில் ஒன்றின் நாள் 24 மணி நேரமாக இல்லாமல் 22 மணி நேரமாக இருந்தது. அதன் சந்ததியில் இரண்டு பக்கமும் அந்த மரபணுவைப் பெற்றவைக்கு நாள் 20 மணி நேரம். இதை 'டௌ' விகாரம் என்கிறார்கள். 1990-ல் ரால்ஃபும் மெனாக்கரும் மற்றவர்களும் ஒரு ஹாம்ஸ்டரின் மூளைக் கடிகாரத்தை அழித்து, அந்த இடத்தில் டௌ ஹாம்ஸ்டரின் திசுவைப் பதித்தார்கள். பதியம் வைக்கப்பட்ட பிராணி, கொடுத்தவரின் 20 மணி நேர நாளை வாழத் தொடங்கியது. கடிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

டோஸினியும் மெனாக்கரும் விழித்திரைச் சோதனையிலும் இதே டௌ ஹாம்ஸ்டரைப் பயன்படுத்தினார்கள். தட்டில் கிடந்த அதன் விழித்திரை, சுமார் 20 மணி நேரத்துக்கு ஒருமுறை துடித்தது. பாலூட்டியின் உடலில் மூளைக்கு வெளியே ஒரு முழுமையான தினக் கடிகாரம் இருக்கிறது என்பதற்கு முதல் நேரடி நிரூபணம் அதுதான். (தவளைக் கண்ணில் இப்படி ஒன்று இருப்பதை பெஷார்ஸ், யுவோன் இருவரும் 1983-லேயே காட்டியிருந்தார்கள். ஆனால் தவளைதானே என்று பாலூட்டிக்காரர்கள் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.)

என் பிழைப்பு மென்பொருள். ஆயிரக்கணக்கான கணினிகளை ஒரே நேரத்தில் ஓடவைக்கும் அமைப்புகளோடு மல்லாடுபவன். எங்கள் உலகில் ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு க்வார்ட்ஸ் படிகக் கடிகாரம் இருக்கும். அது எப்போதும் கொஞ்சம் தவறும். வலைப்பின்னலில் இருக்கும் நேர சர்வர் அதை அவ்வப்போது திருத்தும். உடம்பும் இப்படித்தான் என்று படித்தபோது எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. ஆனால் உவமை ஒரு இடத்தில் தகராறு செய்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் இந்தக் கடிகாரம் எதனால் ஆனது என்று சுருக்கமாக. க்ளாக், பிமால்-1 என்ற இரண்டு புரதங்கள் சேர்ந்து பீரியட், க்ரிப்டோக்ரோம் என்ற மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. அவை உண்டாக்கும் புரதங்கள் செல்லுக்குள் மெல்லச் சேர்ந்து, உட்கருவுக்குத் திரும்பிப் போய், தங்களைப் பிறப்பித்த முதல் இரண்டின் வாயையே அடைத்துவிடுகின்றன. பிறகு அவை சிதைந்து தீர்ந்ததும் அடைப்பு விலகி மறுபடி ஆரம்பம். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பழ ஈயில் இந்தச் சுழலை அவிழ்த்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. டௌ ஹாம்ஸ்டரின் கோளாறு என்ன என்பதும் 2000-ல் தெரிந்தது: பீரியட் புரதத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் நொதியான கேஸீன் கைனேஸில் ஒரு பிழை. ஒரே ஒரு நொதியில் ஒரு சின்ன மாற்றம், நாளில் நான்கு மணி நேரம் காணாமல் போகிறது.

சரி, கண்ணுக்கு எதற்குத் தனிக் கடிகாரம்? வெளிச்சத்தைப் பார்ப்பதே அதன் வேலை. பகலா இரவா என்று தெரிந்துகொள்ள அதற்குக் கடிகாரம் வேண்டுமா?

வேண்டும் என்பதற்கு மிக நல்ல காரணம் குப்பை. விழித்திரையில் ஒளி உணரும் குச்சி செல் ஒவ்வொன்றின் நுனியிலும், அடுக்கி வைத்த நாணயங்கள் மாதிரி சுமார் ஆயிரம் மெல்லிய தட்டுகள் இருக்கின்றன. ஒளியைப் பிடிக்கும் ரோடாப்ஸின் நிறமி அவற்றில்தான் பதிந்திருக்கிறது. இந்தத் தட்டுகள் ஒளியாலும் ஆக்ஸிஜனாலும் பழுதாகிக்கொண்டே இருப்பதால், அடியில் புதியவை முளைத்து, மேலே பழையவை உதிர்கின்றன. ரிச்சர்ட் யங் 1967-ல் கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலங்களைக் கொண்டு இதைக் காட்டினார். சுமார் பத்து நாளில் முழு அடுக்கும் புதிதாகிவிடும். அதாவது தினமும் பத்தில் ஒரு பங்கு உதிர்கிறது. உதிர்ந்ததை யார் அள்ளுவது? பின்னால் இருக்கும் நிறமிப் படலச் செல்கள். அவை அதை விழுங்கிச் செரிக்கின்றன. பெரியவர்களின் கண்ணில் இந்தச் செல்கள் பொதுவாகப் பிரிந்து பெருகுவதில்லை. பிறந்ததிலிருந்து சாகும்வரை அதே துப்புரவாளர், தினமும் அதே தெரு.

1976-ல் லவேல் என்பவர் எலிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார். இந்த உதிர்தல் நாள் முழுக்கச் சீராக நடப்பதில்லை. விளக்கு எரிந்த சற்று நேரத்துக்குள் மொத்தமாக, ஒரு வீச்சில் நடக்கிறது. இதில் என்ன ஆச்சரியம், வெளிச்சம் பட்டால் உதிர்கிறது என்று நினைக்கலாம். ஆனால் எலியைத் தொடர்ந்து இருட்டிலேயே வைத்தாலும், விளக்கு எரிந்திருக்க வேண்டிய அதே வேளையில் உதிர்தல் நடந்தது. 1980-ல் வேறொரு குழு பார்வை நரம்பையே துண்டித்துப் பார்த்தது. கண்ணுக்கும் மூளைக்கும் கம்பி அறுந்தபிறகும் தாளம் தொடர்ந்தது. குப்பை வண்டியின் நேரம் கண்ணுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

அந்த நேரம் தவறினால் என்ன ஆகும்? 2004-ல் நான்ட்ரோ என்ற ஆய்வாளரின் குழு, நிறமிப் படலச் செல்களில் ஒரு குறிப்பிட்ட ஒட்டுப் புரதம் இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தது. அவற்றில் விழுங்குதல் நின்றுவிடவில்லை. காலை வீச்சு மட்டும் போய், நாள் முழுக்க ஒரே மாதிரி நடந்தது. இளம் வயதில் அந்த எலிகளுக்குப் பார்வையில் குறையில்லை. வயதானபோது நிறமிப் படலத்தில் கழிவு சேர்ந்து பார்வை போயிற்று. நடக்கும் வேலை அதேதான். நேரம் மட்டும்தான் இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பரிசோதனை இதுவே.

இன்னொரு காரணம், வெளிச்சத்தின் வீச்சு. நட்சத்திர ஒளிக்கும் நண்பகல் வெயிலுக்கும் ஏறக்குறைய பத்துக்கோடி மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே கருவி சமாளிக்க வேண்டும். விழித்திரை பகலில் டோபமைனையும் இரவில் மெலடோனினையும் சுரக்கிறது. ஒன்று மற்றதை அமுக்கும். 2008-ல் ரிபலேகா, மாங்கெல் முதலானோர் தங்கமீனிலும் சுண்டெலியிலும் காட்டியது இது: இரவில் குச்சி செல்களும் கூம்பு செல்களும் மின் இணைப்பால் நன்றாகக் கோர்த்துக்கொள்கின்றன, பகலில் அந்த இணைப்பு தளர்ந்துவிடுகிறது. இதைத் தீர்மானிப்பது அந்நேரத்து வெளிச்சம் அல்ல, கடிகாரம். இரவில் கூம்பு செல்களின் கம்பி வழியாகவும் குச்சி செல்கள் பேசுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். விடிவதற்கு முன்பே கண் பகலுக்கான இணைப்புகளுக்கு மாற ஆரம்பித்துவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. ஆய்வகங்களில் மிகப் பரவலாக வளர்க்கப்படும் சுண்டெலி இனங்களில் சில, மரபணுக் குறையால் மெலடோனினை ஏறக்குறைய உற்பத்தி செய்வதே இல்லை. கண் கடிகாரத்தைப் பற்றி எலியில் படித்ததையெல்லாம் மனிதனுக்குப் பொருத்தும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரம் விழித்திரையின் எந்தச் செல்லில் இருக்கிறது என்பதில் நீண்ட சச்சரவு. ஒளி உணரும் செல்களில்தான் என்று டோஸினியின் குழு எலியைக் காட்டியது. இல்லை, உள் அடுக்கு நரம்புச் செல்களில் என்று மக்மஹனின் குழு சுண்டெலியைக் காட்டியது. 2012-ல் ரிபலேகாவின் குழு, சுண்டெலியின் கூம்பு செல்களில் கடிகாரப் புரதங்கள் முழு செட்டாக இருக்கின்றன, குச்சி செல்களில் அப்படிக் காணோம் என்றது. 2015-ல் விழித்திரையை அடுக்கடுக்காகப் பிரித்து அளந்தபோது, ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியே துடித்தது. சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன. ஆக, ஒரு கடிகாரம் அல்ல. ஒரு கடிகாரக் கடை, எல்லாம் ஒரே நேரம் காட்டுகிறது.

யார் அந்த நேரத்தைத் திருத்துகிறார்கள்? என் சர்வர் உவமை உடைவது இங்கேதான். மூளைக் கடிகாரம்தான் தலைமை சர்வர் என்றால், கண் அதனிடம் நேரம் கேட்க வேண்டும். நடப்பது வேறு. தட்டில் கிடக்கும் விழித்திரை, மூளை இல்லாமலே, வெளிச்சத்தைக் கொண்டு தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அதற்குக் குச்சி, கூம்பு செல்கள்கூடத் தேவையில்லை. 2015-ல் பூரும் வான் கெல்டரும் முதலானோர், நியூராப்ஸின் என்ற நிறமிதான் சுண்டெலி விழித்திரையின் கடிகாரத்தைத் திருத்துகிறது என்று காட்டினார்கள். அது புற ஊதா, ஊதா ஒளியை உணர்வது. கண்ணின் முன்னால் இருக்கும் கருவிழிப் படலமும் இதே நிறமியால் தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறதாம். (மனிதக் கண்ணின் வில்லை புற ஊதாவைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே நமக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது.) நேர சர்வரிடம் கேட்கவேண்டிய கணினி, ஜன்னலுக்கு வெளியே தானே எட்டிப் பார்த்துக்கொள்கிறது. அதைவிட மோசம், சர்வருக்கு நேரம் சொல்வதும் இதே கண்தான்.

அந்தக் கதை இன்னும் பழையது. 1920-களில் ஹார்வர்டில் மாணவராக இருந்த க்ளைட் கீலர், குச்சி செல்கள் இல்லாத குருட்டுச் சுண்டெலிகளின் கண்ணில் ஒளி பாய்ச்சினார். பாப்பா சுருங்கியது. பார்க்கத் தெரியாத கண் வெளிச்சத்தை உணர்கிறது. குச்சி, கூம்பு தவிர விழித்திரையில் வேறு ஏதோ இருக்கக்கூடும் என்று எழுதினார். அறுபது வருஷத்துக்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1991-ல் ரஸ்ஸல் ஃபாஸ்டரும் உடனிருந்தோரும், விழித்திரை சிதைந்த எலிகள் சாதாரண எலிகளைப் போலவே தங்கள் தினக் கடிகாரத்தை ஒளியால் திருத்திக்கொள்கின்றன என்று எழுதினார்கள். மிச்சமிருக்கும் நாலு கூம்பு செல்கள் போதுமே என்றார்கள் எதிர்ப்பாளர்கள். 1999-ல் குச்சியும் கூம்பும் அறவே இல்லாத எலிகளிலும் அதுவே நடந்தது. கண்ணை எடுத்துவிட்டால் மட்டும் நின்றுபோனது.

விடை தவளையின் தோலிலிருந்து வந்தது. இக்னேஷியோ ப்ரொவென்ஸியோ 1998-ல் ஆப்பிரிக்கத் தவளையொன்றின் தோல் நிறமிச் செல்களில் மெலனாப்ஸின் என்ற ஒளி நிறமியைக் கண்டுபிடித்தார். 2000-ல் அது மனித விழித்திரையின் உள் அடுக்கிலும் இருப்பது தெரிந்தது. 2002-ல் ப்ரௌன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்ஸனும் உடனிருந்தோரும், எலியின் மூளைக் கடிகாரத்தில் சாயத்தைச் செலுத்தி, அது நரம்பு வழியே பின்னோக்கி நடந்து எந்த விழித்திரைச் செல்களைச் சேர்கிறது என்று பார்த்தார்கள். காங்க்லியன் செல்கள், அதாவது பார்வை நரம்பின் இழைகளை அனுப்பும் செல்களில் ஒரு சிறு கூட்டம். குச்சி, கூம்பிலிருந்து வரும் செய்தியைத் துண்டித்துவிட்டு ஒளி காட்டினாலும் அவை தாமாகவே கிளர்ந்தன. அவற்றில் மெலனாப்ஸின் இருப்பதை அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸின் சமேர் ஹத்தார் முதலானோர் காட்டினார்கள். இந்த நிறமிக்கு மிகப் பிடித்தது 480 நானோமீட்டர் அருகிலான நீல ஒளி. 2008-ல் இந்தச் செல்களை மட்டும் கொன்று பார்த்தபோது, எலிகள் வழக்கம்போலப் பார்த்தன; பகலிரவு மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை. பார்ப்பதும் நேரம் அறிவதும் கண்ணுக்கு இரண்டு வேறு தொழில்கள் என்று அதற்குப்பின் யாரும் சந்தேகப்படவில்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்து, சுப்புராஜ் முதலான அவருடைய மாணவர்களும், மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில் வாழும் வௌவால்களைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். குகையின் இருட்டில் தனியே அடைத்து வைத்த வௌவால், சுதந்திரமாகப் பறந்துபோய் வரும் மற்ற வௌவால்களின் சந்தடியைக் கொண்டே தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று 1981-ல் எழுதினார்கள். வௌவாலின் கடிகாரத்தை எந்த நிற ஒளி எவ்வளவு நகர்த்துகிறது என்று 1985-ல் ஜோஷியும் சந்திரசேகரனும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மெலனாப்ஸின் என்ற பெயர் பிறப்பதற்குப் பதின்மூன்று வருடம் முன்பு.

இனி மனிதர்கள். 1995-ல் ஹார்வர்டின் சார்லஸ் ஸெய்ஸ்லர் குழு, பார்வை முற்றிலும் இழந்த 11 பேரின் கண்ணில் பிரகாசமான ஒளி காட்டி ரத்தத்தில் மெலடோனினை அளந்தது. மூன்று பேருக்கு அது சட்டென்று இறங்கியது. 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்பவரின் கண், மூளைக்கு 'பகல்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2007-ல் 87 வயதுப் பாட்டி ஒருவரின் வழக்கு வெளியாயிற்று. குச்சி, கூம்பு எதுவும் வேலை செய்யாத நிலையில், 480 நானோமீட்டர் ஒளியைக் காட்டியபோது விளக்கு எரிகிறதா இல்லையா என்று அவரால் சொல்ல முடிந்தது.

இப்படிப்பட்ட செய்தி போகாதவர்களின் நிலை வேறு. மனிதரின் உள்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999-ல் அளந்தார்கள்; திருத்த ஆளில்லாவிட்டால் அது தினமும் கொஞ்சம் பின்தங்கிக்கொண்டே போகும். முழுக்கப் பார்வையற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்படி நழுவும் நாட்களோடு வாழ்கிறார்கள். சில வாரம் நன்றாகத் தூங்குவார்கள், சில வாரம் நடுநிசியில் முழு விழிப்பு, நண்பகலில் உறக்கம்.

இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் ஞாபகம்தான் வந்தது. கண் அழுத்த நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது அவருக்கு. 'ராத்திரி பூரா முழிச்சிட்டு உட்கார்ந்திருக்காரு, பகல்ல தூங்கி வழியறாரு. சொன்னா கேக்கறதில்ல' என்பது பெரியம்மாவின் நிரந்தரப் புகார். வயசான பிடிவாதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம், நானும்தான். சில வருடங்களுக்கு முன் அவருடைய வலது கண்ணில் வலி தாங்க முடியாமல் போய், அதை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். பார்வைதான் இல்லையே, என்ன நஷ்டம் என்றது குடும்பம்.

நான் மட்டும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பெரியப்பா எனக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புவார். கிரிக்கெட், அரசியல், பழைய ஆபீஸ் கதை. எட்டு மாதச் செய்திகள் என்னிடம் நேரத்தோடு இருந்தன. நாட்களைக் கீழே கீழே அடுக்கி, அவர் பேசிய நேரங்களைப் புள்ளிகளாக வைத்தேன். ஹாம்ஸ்டர் ஆய்வாளர்கள் போடும் அதே வரைபடம். புள்ளிகள் நேராக இறங்கவில்லை, சாய்வாக இறங்கின. தினமும் ஏறக்குறைய 25 நிமிடம் நழுவல். சுமார் 58 நாளில் ஒரு முழுச்சுற்று. இரண்டு நல்ல வாரம் வரும், பிறகு பாழாகும், மறுபடி வரும். கண் அழுத்த நோய் அழிப்பது காங்க்லியன் செல்களைத்தான், அவற்றோடு மெலனாப்ஸின் செல்களும் போகும். அவருடைய கண்கள் மூளைக்கு நேரம் சொல்வதை ஏற்கெனவே நிறுத்திவிட்டன என்பதற்கு அந்தச் சாய்வுக் கோடே சாட்சி. நேராக இறங்கியிருந்தால், எடுக்க வேண்டாம், வலிக்கு வேறு வழி பாருங்கள் என்று சண்டை போட்டிருப்பேன். வரைபடத்தை மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் பார்த்துவிட்டு, இதைப் பற்றித் தூக்க நிபுணர் ஒருவரிடமும் காட்டுங்கள் என்றார். கண்ணை எடுத்தார்கள். வலி நின்றது.

2000-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையற்ற ஏழு பேருக்கு இரவில் 10 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்ததில் ஆறு பேரின் நழுவல் நின்றிருக்கிறது. டாஸிமெல்டியான் என்ற மருந்துக்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை எந்த வேளையில் கொடுக்கப்படுகின்றன என்பது முக்கியம், ஆகவே மருத்துவர் இல்லாமல் யாரும் முயல வேண்டாம். பெரியப்பாவுக்கு மெலடோனின் ஆரம்பிப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்கு, எந்தெந்த வாரம் அவருக்கு இரவு எங்கே விழும் என்று கணக்குப் போட்டு ஓர் அட்டவணை அனுப்பினேன். பெரியம்மா அதை அடுக்களைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். ஒருநாள் போனில், 'இந்த வியாழக்கிழமை இவருக்கு மத்தியானம் மூணு மணிக்கு நடுராத்திரின்னு போட்டிருக்க, டிபனை எப்ப குடுக்கறது?' என்று கேட்டார்.